தெரியலை மேடம்

ஆராய்ச்சி செய்கிறவர்கள் எல்லோரும் பயப்படுகிற ஒரு நேரம் உண்டு. பேசி முடித்து, திரையில் 'நன்றி' என்று போட்டு, அரங்கத்தில் விளக்கு எரிந்த பிறகு வருகிற கேள்வி நேரம். அப்போது நான் தண்ணீர் பாட்டிலைத் திறப்பேன், குடிக்காமலே மூடுவேன். என் தோழிக்கோ அந்த நேரம்தான் பேச்சு. அதற்கு முன்னால் பேசுவதெல்லாம் வாசலில் செருப்பைக் கழற்றுவது மாதிரி. கால் மணி நேரம் கொடுத்தால் பத்து நிமிஷத்தில் முடித்துவிடுவாள். மேடை ஓரத்துக்கு வந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, "இனிமே நீங்க கேளுங்க" என்பாள். பந்தியில் பாயசம் இரண்டு இலை தள்ளி வந்துகொண்டிருக்கும்போது குழந்தைகளின் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இருக்கும் அவள் முகம்.

திருச்சியில் ஒரு கல்லூரியின் விலங்கியல் துறையில் நாங்கள் இருவரும் ஒரே சமயத்தில் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தோம். ஒரே வழிகாட்டி, எதிரெதிர் மேசை. நான் காவிரிக்கரை நத்தைகள். அவள் பழந்தின்னி வௌவால்கள். மன்னார்புரம் பக்கம் ஒரு குடியிருப்பின் நடுவில் பழைய ஆலமரம் ஒன்று இருந்தது. பகலில் போய்ப் பார்த்தால் இலைகளைவிட வௌவால்கள்தான் அதிகம் என்று தோன்றும். தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, அரைத் தூக்கத்தில், தங்களுக்குத் தாங்களே இறக்கையால் விசிறிக்கொண்டிருக்கும். அந்த மரத்துக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பதுதான் அவள் வேலை. வெயில் இலைகளுக்கு இடையே வட்ட வட்டமாக அவள் மடியில் விழுந்து நகர்ந்துகொண்டிருக்கும். நான் மதியச் சாப்பாட்டை எடுத்துக்கொண்டு போவேன். இரண்டு பேரும் பேசாமல் சாப்பிடுவோம். மேலேயிருந்து ஒன்று எங்களைப் பார்த்துக் கொட்டாவி விடும்.

எங்கள் முதல் கருத்தரங்கில் வெளியூரிலிருந்து ஒரு பெரிய பேராசிரியர் வந்திருந்தார். அந்த மாதிரி ஆட்கள் கேள்வி கேட்டால் சமாளிக்க எங்களுக்கெல்லாம் ஒரு வழி தெரியும். "நல்ல கேள்வி சார்" என்று ஆரம்பித்து, தெரிந்த எதையாவது சுற்றிச் சுற்றிச் சொல்லி, கேட்டவருக்கே கேள்வி மறந்துபோகிற இடம் வரை கொண்டுபோய் விட்டுவிடுவது. நான் அதில் கெட்டிக்காரி. எனக்குக் கான்வென்ட் இங்கிலீஷ். அவள் துறையூர்ப் பக்கம் ஒரு அரசுப் பள்ளியில் படித்தவள். அவளுடைய இங்கிலீஷ் சின்னச் சின்ன வாக்கியங்களாக, ஒவ்வொன்றும் முடிந்து, மூச்சு வாங்கி, அடுத்ததுக்குப் போகும்.

அவளுடைய முறை வந்தபோது பேராசிரியர் கேட்டார். ஊரில் இத்தனை மரங்கள் இருக்க, அவை ஏன் அந்த ஒரு மரத்திலேயே வருஷக்கணக்காகத் தங்குகின்றன?

அவள் யோசித்தாள். அதுவரை இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தவளுக்குத் தமிழில் வந்துவிட்டது.

"தெரியலை சார்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எங்கள் வழிகாட்டி தலையைக் குனிந்துகொண்டார். அவளிடம் வெட்கத்தின் சாயலே இல்லை. தொலைத்த கம்மலை யாரோ எடுத்துக் கையில் கொடுத்த மாதிரி அந்தக் கேள்வியை வாங்கிக்கொண்டாள். "நானும் இதைத்தான் கேட்டுக்கிட்டு இருக்கேன் சார். எப்படிக் கண்டுபிடிக்கலாம்னு ஒண்ணு ரெண்டு யோசனை இருக்கு. தப்பாகவும் இருக்கலாம். சொல்லட்டுமா?"

பேராசிரியர் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். அப்புறம் அவர்கள் இருவரும் பேசிக்கொண்டார்கள். அரங்கத்தில் இருந்த மற்ற எல்லோரும், பக்கத்து வீட்டுச் சமையல் வாசனையை முகர்வதுபோல, கேட்டுக்கொண்டிருந்தோம். சாப்பாட்டு நேரம் தாண்டிப் போனது. யாரும் எழுந்திருக்கவில்லை.

வெளியே வந்ததும் வழிகாட்டி கோபப்பட்டார். "தெரியலைன்னு சொல்றதுக்கா உனக்கு ஒரு மேடை?"

"தெரியாததைத் தெரியும்னு எப்படி சார் சொல்றது?"

"கொஞ்சம் பூசி மெழுகணும்மா. எல்லாரும் அப்படித்தான்."

அவள் தலையாட்டினாள். அடுத்த தடவையும் அதையேதான் சொன்னாள். ஜூனியர் பிள்ளைகள் அவளுக்குத் 'தெரியலை மேடம்' என்று பெயர் வைத்தார்கள். அது அவள் காதுக்கும் வந்தது. "நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

ஆனால் அவள் தயார் செய்துகொள்ளாமல் மேடை ஏறியதாக யாரும் நினைத்துவிடக் கூடாது. எங்களில் யாரும் அவள் அளவுக்குத் தயார் செய்துகொண்டதில்லை. உறையூரில் ஒரு மாடி அறையில் குடியிருந்தாள். சாயங்காலம் சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறி ஸ்ரீரங்கத்துக்கு எங்கள் வீட்டுக்கு வருவாள். வரும் வழியில், பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் யாராவது ஓர் அம்மாவிடம் தன்னுடைய பேச்சைச் சொல்லுவாள். "நான் வௌவாலைப் பத்திப் படிக்கிறேங்க" என்று ஆரம்பிக்கும் அது. காவிரிப் பாலம் வருவதற்குள் அந்த அம்மா ஏதாவது ஒரு கேள்வி கேட்டுவிட்டால் அந்தப் பகுதி தேறியது. கேட்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டால், திரையில் அதற்காக வைத்திருந்த படத்தை அன்றைக்கே நீக்கிவிடுவாள். அவளுடைய பேச்சுகளில் படங்கள் குறைந்துகொண்டே வந்தது இப்படித்தான்.

ஒருநாள் பூக்கூடையோடு ஏறிய ஓர் அம்மா கேட்டாராம்: "ஏம்மா, அது தலைகீழா தொங்குதே, பிள்ளை பெறும்போது குட்டி கீழே விழுந்துடாதா?" அவள் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது அந்தக் கேள்வியிலேயே மிதந்துகொண்டிருந்தாள். காபி ஆறிப்போனது. பிறகு எத்தனையோ பேரைக் கேட்டு, எதையெதையோ படித்து, பிரசவ நேரத்தில் சில தாய் வௌவால்கள் நிமிர்ந்துகொண்டு கட்டைவிரல் நகங்களால் தொங்கும் என்று தெரிந்துகொண்டாள். அடுத்த கருத்தரங்கில் அதைச் சொன்னாள். "இது ஸ்ரீரங்கம் பஸ்ல ஒரு அம்மா கேட்ட கேள்வி. இங்கே இருக்கற வௌவால்களும் அப்படித்தான் செய்யுதான்னு எனக்குத் தெரியலை. பார்க்கணும்." அரங்கத்தில் எல்லோருக்கும் அந்த மரத்தை உடனே போய்ப் பார்க்க வேண்டும் போல இருந்தது. எனக்கும்தான். இத்தனைக்கும் நான் தினமும் பார்க்கிறவள்.

எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் அந்தி நேரத்தில் வௌவால்கள் வருவது தெரியும். முதலில் ஒன்று. வானம் இன்னும் முழுக்க இருட்டாமல் தேன் நிறத்தில் இருக்கும். பிறகு இரண்டு, பத்து, அப்புறம் எண்ண முடியாதபடி. அவசரம் இல்லாமல், துடுப்புப் போடுவது போல இறக்கையைப் போட்டுக்கொண்டு, ஆற்றைத் தாண்டித் தோப்புகளின் பக்கம் போகும். சில ஆற்றில் தாழ்ந்து, நெஞ்சைத் தண்ணீரில் நனைத்துக்கொண்டு மேலே ஏறும். நனைந்த ரோமத்தை நக்கித்தான் அவை தாகம் தீர்த்துக்கொள்கின்றன என்று அவள்தான் சொன்னாள். அந்த நேரத்தில் அவள் பேசமாட்டாள். கீழே கோயில் மணிச் சத்தம் கேட்கும். எங்கள் அம்மா துணி எடுக்க மாடிக்கு வந்தவள் அப்படியே நின்றுவிடுவாள்.

"இந்தப் பொண்ணு பேசினா, பெருமாள் சன்னிதியில நிக்கற மாதிரி மனசு நிதானப்படறது" என்பாள் அம்மா என்னிடம் ரகசியமாக. "நீ பேசினா வெந்நீர் கொதிக்கற மாதிரின்னா இருக்கு."

இந்தக் குணம் எல்லா இடத்திலும் எடுபடவில்லை. அவளைப் பெண் பார்க்க வந்த கதையை அவளுடைய அப்பாவே என்னிடம் சொன்னார். துறையூர்ப் பக்கம் சின்ன வெங்காயம் போடுகிறவர். பையில் வெங்காயத்தோடு எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்து, ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு சொன்னார்.

"மாப்பிள்ளையோட அம்மா நல்லாத்தான் கேட்டாங்க. 'எங்க பையனைப் பிடிச்சிருக்காம்மா?'ன்னு. இவ என்ன சொன்னா தெரியுமாங்க? 'தெரியலைங்க. இப்பதானே வந்திருக்காங்க'ங்கறா. நான் கையைப் பிசையறேன். அடுத்ததா, 'கல்யாணத்துக்கு அப்புறமும் வேலைக்குப் போவியா?'ன்னாங்க. அதுக்கும் 'தெரியலைங்க'ன்னா. அவங்க காபியைக்கூட முழுசாக் குடிக்கலை."

சொல்லும்போதே அவருக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடித்தபோது கண்களைத் துண்டால் துடைத்துக்கொண்டார். "இவ இப்படியே இருந்தா இவளை யாருங்க கட்டிக்குவாங்க?"

அவள் மைக்ராஸ்கோப்பிலிருந்து தலையைத் தூக்கினாள். என்ன சொல்லப் போகிறாள் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். அப்பா முந்திக்கொண்டார். "நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம் தாயி."

அந்த வருஷம் மாசி மாதம் டி.வி.யில் ஒரு காய்ச்சலைப் பற்றிச் செய்தி வந்தது. வேறு மாநிலத்தில் சிலர் இறந்துபோனதாகவும், வௌவாலிலிருந்து பரவியதாகவும் காட்டினார்கள். காட்டிய வௌவால் எங்கள் மரத்தில் இருப்பதைப் போலவே இருந்தது. மன்னார்புரம் குடியிருப்பில் ஒரு சின்னப் பையனுக்குக் காய்ச்சல் வந்தது. வேறு ஏதோ சாதாரணக் காய்ச்சல்தான், சரியாகவும் போய்விட்டது. ஆனால் அந்தச் சில நாட்களில் குடியிருப்பு முழுக்கப் பயம் பிடித்துக்கொண்டது. மரத்தை வெட்ட அனுமதி கேட்டு மாநகராட்சிக்கு எழுதினார்கள். அதிகாரி ஒருவர், முடிவு செய்வதற்கு முன்னால் வௌவாலைப் பற்றித் தெரிந்தவர் யாராவது வந்து மக்களிடம் பேசட்டும் என்று சொல்லிவிட்டார். அவளைக் கூப்பிட்டார்கள்.

கூட்டத்துக்கு முதல் நாள் சாயங்காலம் எங்கள் மொட்டை மாடியில் உட்கார்ந்திருந்தோம். மரத்து வௌவால்களின் எச்சில், எச்ச மாதிரிகளை எடுத்துப் பெரிய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருந்தார்கள். பதில் வர நாளாகும். எனக்கு அவளுடைய அந்த ஒரு வார்த்தையை நினைத்துத்தான் பயமாக இருந்தது.

"நாளைக்கு ஒருநாள் மட்டும் அதைச் சொல்லாதேடி" என்றேன். "கிருமி இருக்கான்னு கேப்பாங்க. இல்லைன்னு சொல்லிடு. ஒரு வார்த்தை. மரம் பிழைச்சுடும்."

"இருந்தா?"

"இருக்காதுடி."

"உனக்குத் தெரியுமா?"

முதல் வௌவால் ஆற்றைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்னாள்.

"நான் எட்டாவது படிக்கும்போது எங்கம்மாவுக்கு வயித்து வலி. டாக்டர்கிட்ட போனோம். நல்ல மனுஷன். 'ஒண்ணுமே இல்லம்மா, பயப்படாதே'ன்னார். எங்கப்பா நிம்மதியா வீட்டுக்கு வந்து வயலுக்குத் தண்ணி கட்டப் போயிட்டார். 'எனக்குப் புரியலை, திருச்சிக்குக் கூட்டிட்டுப் போங்க'ன்னு சொல்லியிருந்தா போயிருப்போம்." அந்த வௌவால் தோப்புப் பக்கம் மறைந்ததும், "தைரியம் சொல்லணும்னுதான் அவரும் சொன்னார்" என்றாள்.

அதற்கு மேல் அந்தப் பேச்சை நான் எடுக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. குடியிருப்பின் சமுதாயக் கூடம். பிளாஸ்டிக் நாற்காலிகள் நிரம்பி, ஓரத்திலும் ஆட்கள் நின்றார்கள். குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. வெள்ளைச் சட்டை, கையில் கைக்குட்டை. மாநகராட்சி அதிகாரி முன்வரிசையில். நான் லேப்டாப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கொண்டுவந்தது ஒரே ஒரு படம். தாய் வௌவாலின் இறக்கைக்குள்ளிருந்து குட்டியின் முகம் மட்டும் வெளியே தெரிகிற படம். அதைக்கூடப் போட வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டாள்.

"வணக்கம். நான் பேசறதுக்கு முன்னாடி நீங்க பேசுங்க. உங்களுக்கு என்ன பயம்?"

கூடத்தில் ஒரு சலசலப்பு. கேட்கத்தான் வந்திருந்தார்களே தவிர, பேச வேண்டியிருக்கும் என்று யாரும் நினைத்திருக்கவில்லை. பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். எச்சம் மாடித் தொட்டியில் விழுகிறது. துணி காயப்போட முடியவில்லை. விடியற்காலையில் சத்தம். டி.வி.யில் காட்டினார்களே. ஒவ்வொன்றையும் அவள் முழுக்கக் கேட்டு, பின்னால் நிற்பவர்களுக்கும் கேட்கும்படி அவர்களுடைய வார்த்தைகளிலேயே திருப்பிச் சொன்னாள். "ஐயா கேக்கறது என்னன்னா" என்று ஆரம்பிப்பாள். தான் சொன்னது அப்படியே திரும்பி வருவதைக் கேட்டதும், எழுந்து நின்றவரின் குரல் கொஞ்சம் தணியும்.

செயலாளர் எழுந்தார். "மேடம், நாங்க எல்லாம் படிச்சவங்கதான். சுத்தி வளைக்க வேண்டாம். இந்த மரத்துல இருக்கற வௌவாலுக்கு அந்தக் கிருமி இருக்கா, இல்லையா? ஒரே வார்த்தை."

நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"தெரியலைங்க."

"தெரியாத ஆளை எதுக்குக் கூட்டிட்டு வந்தீங்க?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். இரண்டு மூன்று பேர் எழுந்து வெளியே போனார்கள். செயலாளர் அதிகாரியைப் பார்த்துக் கையை விரித்தார். அவள் அசையவில்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, போகிறவர்கள் போய் முடியட்டும் என்று காத்திருந்தாள். அந்தக் காத்திருப்பு எவ்வளவு நேரம் நீண்டது என்று எனக்குத் தெரியாது. எனக்கு அது ஒரு மத்தியானம் அளவுக்கு இருந்தது.

"தெரிஞ்சதைச் சொல்லட்டுங்களா?" என்றாள்.

யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை.

"இந்த ஜாதி வௌவால்கிட்ட அந்தக் கிருமி இருக்கலாம். வேற ஊர்ல இருந்திருக்கு. இங்கே இருக்கான்னு பார்க்க மாதிரி எடுத்து அனுப்பியிருக்காங்க, பதில் வரலை. இருந்தாலும், மரத்துல இருந்து காத்துல பறந்து வந்து உங்க வீட்டுக்குள்ள நுழையற மாதிரி இதுவரைக்கும் யாரும் பார்த்ததில்லை. அது கடிச்ச பழம், அதோட எச்சில், மூத்திரம், எச்சம், அதைத் தொட்ட கை. வழி அதுதான். அந்த வழியை அடைக்கலாம். தொட்டிக்கு மூடி போடலாம். தொட்டி மேல வர்ற கிளையை மட்டும் எடுக்கலாம்."

"அதுக்கு மரத்தையே எடுத்துட்டா?" என்றார் செயலாளர்.

"எடுத்தா வௌவால் செத்துப்போகாதுங்க. சிதறும். எங்கே போய் உட்காரும்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. பயந்து, பட்டினி கிடந்து, களைச்சுப்போன பிராணிகிட்ட இருந்துதான் கிருமி அதிகமா வெளியே வரும்னு இதைப் படிக்கறவங்க நினைக்கறாங்க. இப்ப அது எங்கே இருக்குன்னாவது நமக்குத் தெரியுது."

அப்போதுதான் நடுவரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். காய்ச்சல் வந்த பையனின் அம்மா. நைட்டி மேலே துப்பட்டா போட்டிருந்தாள். பையன் அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டிருந்தான்.

"இதெல்லாம் எனக்குப் புரியலை மேடம். ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. உங்க பிள்ளையா இருந்தா இங்கே விளையாட விடுவீங்களா?"

இந்தக் கேள்விக்காக அவள் எந்த பஸ்ஸிலும் தயார் செய்திருக்கவில்லை. மேடையிலிருந்து இறங்கி, நாற்காலிகளுக்கு நடுவே போய், அந்தப் பெண்ணுக்கு எதிரே நின்றாள்.

"எனக்குப் பிள்ளை இல்லைங்க. அதனால நான் சொல்றது பாதி பதில்தான்." குனிந்து பையனைப் பார்த்தாள். "விடுவேன். மரத்துக்கு நேர் கீழே விடமாட்டேன், அந்தப் பக்கமாத் தள்ளி விளையாடச் சொல்லுவேன். விழுந்த பழத்தை எடுக்க விடமாட்டேன். வௌவால் கீழே விழுந்து கிடந்தா, உயிரோட இருந்தாலும் சரி, செத்திருந்தாலும் சரி, யாரும் வெறுங்கையால தொடாம எனக்குப் போன் பண்ணச் சொல்லுவேன். உள்ளே வந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ வைப்பேன். இவ்வளவும் பண்ணினா பயம் போயிடுமான்னா, போகாது. கொஞ்சம் இருக்கும். எனக்கும் இருக்கு. நான் தினமும் அங்கேதான் உட்கார்ந்திருக்கேன்."

அந்தப் பெண் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு செயலாளர் பக்கம் திரும்பினாள். "பதில் வர்ற வரைக்கும் பார்க்கலாம் சார். இவங்க பொய் சொல்லலை."

தொட்டிகளுக்கு மேலே வந்த கிளைகளை மட்டும் எடுப்பது என்று முடிவானது. எல்லோருக்கும் அது பிடிக்கவில்லை. ஒரு குடும்பம் வீட்டையே காலி செய்துகொண்டு போய்விட்டது. அவர்கள் போனதை அவள் என்னிடம் பல தடவை சொன்னாள்.

திரும்பும் பஸ்ஸில் அவள் கையைப் பிடித்தேன். அது நடுங்கிக்கொண்டிருந்தது. மேடையில் கைகளைப் பின்னால் கட்டிக்கொள்வது எதற்கு என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. இத்தனை வருஷமாக எதிர் மேசையில் உட்கார்ந்திருந்தும் நான் அதைக் கவனித்ததில்லை.

வெயில் காலம் முடிந்து ஆய்வுக்கூடத்திலிருந்து பதில் வந்தது. எடுத்த மாதிரிகளில் கிருமி இல்லை. அவள் மறுபடியும் அந்தக் கூடத்துக்குப் போய், "எடுத்த மாதிரியில இல்லை. அவ்வளவுதான் தெரியும்" என்று சொல்லிவிட்டு வந்தாள். கைதட்டினார்கள். பட்டம் வாங்கிய கையோடு வடகிழக்கே மலைப்பக்கம் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை கிடைத்துப் போனாள். அங்கே குகைகளில் இருக்கிற சின்ன வௌவால்களைப் பார்க்கிறாளாம். எப்போதாவது போன் செய்வாள். பேச்சுக்கு நடுவே மழைச் சத்தம் கேட்கும். பிறகு சிக்னல் போய்விடும். கல்யாணம் செய்துகொண்டாளா என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

அவளை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது அந்தப் பங்குனி மாதத்து ஒரு நாள். கூட்டம் நடந்து சில வாரம் ஆகியிருந்தது. மத்தியான வெயிலில் யாரோ மரத்தடியில் சரவெடி கொளுத்திப் போட்டுவிட்டார்கள். யார் என்று கடைசிவரை தெரியவில்லை. அவளுக்குப் போன் வந்தது. அந்தப் பையனின் அம்மா.

"மேடம், வெடி போட்டுட்டாங்க. வௌவால் எல்லாம் வெயில்ல சுத்துது. எங்க வாசல்ல ஒரு குட்டி விழுந்திருக்கு. நான் தொடலை. துணிக்கூடையைக் கவுத்து மூடி வச்சிருக்கேன். வெயில் படாம குடை பிடிச்சுக்கிட்டு இருக்கேன். சீக்கிரம் வாங்க மேடம், அது அழுவுது."

ஆட்டோவில் போய் இறங்கியபோது வானம் முழுக்க வௌவால்கள். அவற்றை நடுப்பகலில் அப்படி நான் பார்த்ததே இல்லை. வெயில் இறக்கைகளை ஊடுருவி, மெல்லிய செம்பழுப்புத் துணிகள் மிதப்பது போல இருந்தது. ஒரு சத்தமும் இல்லாமல் வீடுகளுக்கு மேலே வட்டமடித்துக்கொண்டிருந்தன. அவற்றின் நிழல்கள் தெருவிலும் சுவர்களிலும் எங்கள் மேலும் வழுக்கிக்கொண்டு போயின. அந்தப் பெண் ஒரு கையில் குடையோடு வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தாள். பார்க்க வந்தவர்களையெல்லாம், "தள்ளி நில்லுங்க. யாரும் தொடக் கூடாது. மேடம் வந்துட்டாங்க" என்று ஒதுக்கிக்கொண்டிருந்தாள்.

என் தோழி கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு கூடையைத் தூக்கினாள். உள்ளங்கை அளவு உடம்பு. பெரிய கண். இறக்கையை விரித்துப் பார்த்தாள். எலும்பு முறிவு இல்லை. ஒரு சின்னக் கூடையில் பழைய துண்டு விரித்து, குட்டி பிடித்துக்கொள்ள ஒரு குச்சியைக் குறுக்கே செருகி, அதைத் தாழ்ந்த கிளையில் தொங்கவிட வேண்டும் என்றாள். ஏணி வந்தது. அதை அழுத்திப் பிடித்துக்கொண்டவர் செயலாளர். வேர்த்து வழிந்தது அவருக்கு.

அதன்பிறகு எல்லோரும் விலகி அவரவர் வாசலில் உட்கார்ந்தோம். வெயில் தாழ்ந்தது. வௌவால்கள் ஒவ்வொன்றாக மரத்துக்குத் திரும்பின. குட்டி விட்டு விட்டுக் கத்திக்கொண்டிருந்தது. யாரோ ஒரு வீட்டில் டி.வி.யை நிறுத்தினார்கள். அடுத்த வீட்டிலும் நிறுத்தினார்கள். அந்தப் பெண் எங்களுக்கு டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

வானம் தேன் நிறத்துக்கு வந்தபோது, ஒன்று மட்டும் மரத்தைச் சுற்றிக்கொண்டிருந்தது. தாழ்ந்து வரும், கூடைக்குப் பக்கத்தில் வந்து பயந்து மேலே போகும். மறுபடியும் வரும். கடைசியில் கிளையின் நுனியில் வந்து தொற்றிக்கொண்டது. நகத்தால் பற்றிப் பற்றி, தலைகீழாக, கூடை இருந்த இடத்துக்கு நடந்து வந்தது. குட்டி கத்துவதை நிறுத்தியது. தாய் ஒரு இறக்கையை விரித்துக் கூடையின் மேல் வைத்தது. இறக்கையை எடுத்தபோது கூடை காலியாக இருந்தது. அதன் நெஞ்சில் ஒரு சின்ன முடிச்சு ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தக் கனத்தோடு அது கிளையை விட்டு, ஒரு முறை தரை வரை சரிந்து, பிறகு மெல்ல மெல்ல எழும்பி, இலைகளுக்குள் போய்விட்டது.

அவள் முகக்கவசத்தைக் கழற்றவே இல்லை. அதற்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. அந்தப் பெண் எழுந்து, காலி டம்ளர்களை எடுத்துக்கொண்டு, இன்னும் மேலேயே பார்த்துக்கொண்டிருந்த மகனின் தோளைத் தொட்டாள்.

"அவங்கம்மா கூட்டிட்டுப் போயிட்டாங்கடா. நீ வா, கை கழுவிட்டுச் சாப்பிடலாம்."